பழைய கேசட்டைக் கடையில் கொடுப்பதற்கு முன்னால்

வீட்டில் பழைய கேசட் பெட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றப் போய் ஒன்றரை வருடம் அலைந்தேன். ஏறக்குறைய 1,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) செலவானது. அதில் பாதிக்கு மேல் வீண். பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். நான்கு கேசட் திரும்பி வரவே இல்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில் வேலை, அக்கம்பக்கத்தில் இதைப் பற்றித் தெரிந்தவர் யாரும் இல்லை. எனக்குச் சொல்ல ஆள் இல்லாததை நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் என்ன கேசட், எதற்கு இத்தனை பாடு என்று சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார், அம்மா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். ஈப்போ, தைப்பிங் என்று லோரி போகிற ஊரிலெல்லாம் அப்பா கேசட் வாங்கி வருவார். நான் கொஞ்சம் பெரியவளானதும் அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. வானொலியில் நேயர் விருப்பம் போகும்போது டேப் ரெக்கார்டரின் சிவப்புப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அறிவிப்பாளர் பெயர்ப் பட்டியலை வாசித்து முடிப்பதற்குள் அழுத்திவிடுவேன், பாட்டின் முதல் அடி போய்விடக் கூடாதே என்று. அதனால் என் கேசட்டுகளில் பாதிப் பாட்டுக்கு முன்னால் யாரோ ஒரு தோட்டத்தின் பெயரும் யாரோ ஒரு குடும்பத்தின் பிறந்தநாள் வாழ்த்தும் இருக்கும்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எல்லாச் சத்தமும் எல்லார் காதிலும் விழும். எங்கள் ரசனையும் அப்படித்தான் வளர்ந்தது. மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் விடியற்காலை சீர்காழி கோவிந்தராஜன். டவுனில் மாமாக் கடைக்கு (இந்திய முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடைக்கு) போனால் நாகூர் ஹனிபா. ஹனிபாவின் குரல் இன்றைக்கும் என்னைப் பிடித்து நிறுத்தும். பல பாடகர்களுக்கு மேலே போகப் போகக் குரல் மெலியும். அவருக்கு மேலே போனால் இன்னும் அகலமாகும். 2015இல் அவர் இறந்த செய்தி வந்த அன்று எங்கள் பக்கத்துத் தெருவில் மூன்று மதத்துக்காரர் வீட்டிலும் அவர் பாட்டுத்தான் ஓடியது. நாதஸ்வரம் என்றால் எனக்குக் காருக்குறிச்சி அருணாசலம். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு சேர்ந்து வாசித்தவர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். அது பெரிய விஷயம்தான், ஆனால் அவர் தனியாக உட்கார்ந்து ஒரு ராகத்தை விரிப்பதைக் கேட்டுப் பாருங்கள். அவசரமே இருக்காது.

மலாய்ப் பாட்டில் பி. ரம்லிதான் முதலில். 1929இல் பினாங்கில் பிறந்து 1973இல் 44 வயதிலேயே போய்விட்டார். 1950இல் அவர் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன், நம்மவர். ரம்லியின் மெட்டுகள் நமக்குச் சட்டென்று பிடித்துப்போவதற்கு அந்தக் காலத்து சிங்கப்பூர் ஸ்டூடியோக்களில் இந்திய இயக்குநர்கள் இருந்ததும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். அப்புறம் அல்லிகேட்ஸ் இசைக்குழு. பினாங்கு டேவிட் ஆறுமுகமும் அவர் தம்பி லோகநாதன் ஆறுமுகமும் மலாயில் பாடி நாட்டையே கட்டிப்போட்டவர்கள். லோகநாதனின் குரலில் ஒரு தவிப்பு இருக்கும். காதல் பாட்டிலும் அது போகாது. 2007இல் அவர் புற்றுநோயில் இறந்தபோது எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆங்கிலத்தில் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ், அது கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) வீட்டு ஜன்னல் வழியாக வந்தது. மொழி புரியாத வயதிலேயே அந்தத் தாழ்ந்த குரல் பிடித்துவிட்டது.

இளையராஜாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 1986இல் அவர் தியாகராஜருக்கும் பாக் என்ற ஜெர்மானியருக்கும் காணிக்கையாக்கிய ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பு எங்களுக்குக் கேசட்டாக வந்த கதை வேறு. பாட்டே இல்லாத கேசட்டை ஏன் காசு கொடுத்து வாங்கினாய் என்று அம்மா கேட்டார். ஒரு வாரம் கழித்து அவரே சமையல் கட்டிலிருந்து, “அந்த பிடில் கேசட்டைப் போடு” என்றார். என் மகன் காலத்தில் இந்த நாட்டு ராப் கலைஞர்களான யோகி பி-யும் நட்சத்திராவும் 2006இல் ‘வல்லவன்’ கொண்டுவந்தார்கள். அது சிடி. ராப் எனக்கு ஒத்துவராது என்று நினைத்திருந்தேன். 1980இல் இளையராஜா போட்ட மெட்டை எடுத்து இந்த நாட்டுப் பிள்ளைகள் தங்கள் பேச்சை அதில் ஏற்றியதைக் கேட்டபோது பெருமையாக இருந்தது.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதியை இன்றைக்குக் கைப்பேசியில் தேடினால் கிடைக்கும். கிடைக்காதது வேறு. வானொலியில் பிடித்தவை, ரெகார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கியவை, அப்பா கையாலேயே பதிந்தவை. கோயில் திருவிழா உறுமி மேளம், பாட்டி தாலாட்டு, தோட்டத்து இளைஞர்கள் சேர்ந்து நடத்திய இசைக்குழுவின் ஒத்திகை. இவற்றுக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். இந்த வித்தியாசத்தை எல்லாருக்கும் முதலில் சொல்ல விரும்புகிறேன். பெட்டியைத் திறந்ததும் அச்சடித்த அட்டையோடு கடையில் வாங்கியதை ஒரு பக்கம் வையுங்கள், கையெழுத்து இருப்பதை ஒரு பக்கம் வையுங்கள். கையெழுத்துக் கேசட்டுகளைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறி லயம் காலியானதும் டவுன் பக்கம் மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். கேசட்டெல்லாம் சுவரோரம் மர அலமாரியில் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி அந்தச் சுவரே ஊறிப்போனது. அலமாரியைத் திறந்தால் கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி. பூசணம். அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாள் இணையத்தில் தேடி, கேசட்டைப் போட்டால் நேராகக் கணினிக்குப் போகும் என்ற சின்னக் கருவியை 89 வெள்ளிக்கு வாங்கினேன். வந்ததும் பி. ரம்லியைப் போட்டேன். குரல் ஆடியது. மோட்டார் ஒரே வேகத்தில் ஓடவில்லை. நீட்டிப் பிடிக்கிற சுரம் எல்லாம் நடுங்கியது. இரண்டு காதுக்கும் ஒரே சத்தம். இந்த மாதிரிக் கருவிகள் பார்க்க அழகாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் உள்ளே இருக்கும் இயந்திரம் மிக மலிவானது. பேச்சு மட்டும் இருக்கும் கேசட்டுக்கு வேண்டுமானால் பரவாயில்லை. பாட்டுக்கு வேண்டாம்.

அப்புறம்தான் கடை. பெரிய நகரத்தில் இருக்கிறது, பெயர் வேண்டாம். ஒரு கேசட்டுக்கு 18 வெள்ளி என்றார்கள். 60 கேசட், 1,080 வெள்ளி, முழுப் பணமும் முன்பணம். “மூணு வாரத்துல முடிச்சிடலாம் அக்கா, கவலைப்படாதீங்க” என்றார் அங்கிருந்த தம்பி. நான்கு மாதம் ஆனது. ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் இந்த வாரம், அடுத்த வாரம். கடைசியில் ஒரு பென்டிரைவும் 56 கேசட்டும் கைக்கு வந்தன. மீதி நான்கு எங்கே என்று கேட்டேன். “அது பூசணம் புடிச்சிருந்துச்சு அக்கா, மெஷின் கெட்டுடும், தூக்கிப் போட்டுட்டோம்” என்றார்.

அதில் ஒன்று தோட்டத்துத் தீமிதி. பந்தலுக்கு அடியில் அப்பா டேப்பை மடியில் வைத்துக்கொண்டு பதிந்தது. உறுமி ஏற ஏறப் பெண்கள் குலவையிடும் சத்தமும், நடுவில் அப்பா யாரையோ “தள்ளி நில்லப்பா” என்று அதட்டுவதும் அதில் இருக்கும். கடை வாசலிலேயே நின்று அழுதேன். திட்டவும் செய்தேன். வீட்டுக்கு வந்து பென்டிரைவைப் போட்டுக் கேட்டால் இன்னொரு இடி. இரைச்சலை எடுக்கிறோம் என்று எல்லாவற்றையும் துடைத்து எடுத்திருந்தார்கள். ஹனிபா தண்ணீருக்கு அடியிலிருந்து பாடுவது போல இருந்தது. எல்லாம் எம்பி3, அதிலும் ஒலி மிகச் சுருக்கியது. பாட்டுப் பாட்டாக வெட்டி, நடுவில் இருந்த அறிவிப்பாளர் குரலைத் தேவையில்லை என்று நீக்கியிருந்தார்கள். எனக்குத் தேவைப்பட்டதே அதுதான்.

கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். மொத்தப் பெட்டியையும் தூக்கிக் கொடுக்காதீர்கள். போனால் போகட்டும் என்று நினைக்கிற ஒரு கேசட்டைக் கொடுத்து, வந்ததைக் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு அப்புறம் மற்றதைக் கொடுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் எண் ஒட்டி, இரண்டு பக்கமும் அட்டையும் தெரியப் படம் எடுத்து வையுங்கள். ரசீதில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: ஓடாத கேசட்டாக இருந்தாலும் திருப்பித் தர வேண்டும், எந்தச் சத்தத்தையும் நீக்கக் கூடாது, ஒரு பக்கம் முழுவதும் வெட்டாமல் ஒரே கோப்பாக, சுருக்காத வேவ் வடிவத்தில் வர வேண்டும். முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்க வேண்டியதில்லை. தகராறு வந்தால் பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயம் இருக்கிறது. மனு கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம், ஆனால் மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். நான் அங்கே போகப்போகிறேன் என்று ரசீதைக் காட்டிச் சொன்ன பிறகுதான் கடைக்காரர் 300 வெள்ளி திருப்பிக் கொடுத்தார். கேசட்டுக்கு அது ஈடாகாது. எனக்கு அதற்கு மேல் இழுக்கத் தெம்பும் இல்லை.

சரி, நாமே செய்வோம் என்று முடிவெடுத்தபோது கையில் ஒன்றும் இல்லை. ஈப்போவில் பழைய சாமான் கடையில் கேசட் ஓட்டும் டெக் ஒன்று 350 வெள்ளிக்குக் கிடைத்தது. நல்ல கம்பெனி, கனமானது. ஆனால் சுற்றவில்லை. எங்கள் டவுனில் ரேடியோ பழுது பார்க்கும் சீனப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். திறந்து பார்த்துவிட்டு, “அக்கா, பெல்ட் உருகிப் போச்சு” என்று விரலைக் காட்டினார். ரப்பர் பெல்ட் கறுப்புக் கோந்தாகி விரலில் ஒட்டியிருந்தது. வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்த டெக்கில் இது சகஜமாம். இரண்டு பெல்ட், சுத்தம், எண்ணெய் எல்லாம் சேர்த்து 120 வெள்ளி. டெக்கிலிருந்து கணினிக்கு ஒலியைக் கொண்டுபோக ஒரு சின்ன ஆடியோ பெட்டி 130 வெள்ளி. கணினியில் ஆடாசிட்டி என்ற மென்பொருள், அது இலவசம். இவ்வளவுதான் வேண்டும். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் 600 வெள்ளியில் முடிந்திருக்கும்.

டெக் வந்ததும் முதலில் ஹனிபா. சத்தம் வந்தது, ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பது போல மந்தமாக இருந்தது. மறுபடி பெரியவரிடம் ஓடினேன். அவர் கேசட்டை ஓடவிட்டு, நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஒலிமுனைக்குப் பக்கத்தில் இருக்கும் பொடித் திருகில் மெல்லிய திருப்புளியை வைத்து மயிரிழை அளவு திருப்பினார். மந்தம் விலகியது. இன்னும் கொஞ்சம். தபேலாவின் ஓரத்து ஒலி கணீரென்று வந்தது, ஹனிபா எழுத்தை எப்படி உச்சரிக்கிறார் என்பதுகூடத் தெளிவானது. “நிறுத்துங்க அங்கிள், இதுதான்” என்று கத்திவிட்டேன். ஒவ்வொரு கேசட்டும் வேறு வேறு டேப்பில் பதிந்தது என்பதால் ஒலிமுனையின் சாய்வு கேசட்டுக்குக் கேசட் மாறும். அந்தத் திருகை ஒவ்வொன்றுக்கும் காதால் கேட்டுச் சரி செய்ய வேண்டும். இதை அவசரப்படுகிற கடை எதுவும் செய்யாது. இன்னொன்று, டெக்கில் இரைச்சலைக் குறைக்கும் டால்பி என்ற பொத்தான் இருக்கும். வானொலியிலிருந்து வீட்டில் பதிந்த கேசட்டுக்கு அதை அணைத்தே வையுங்கள். போட்டால் மேல்சுரமெல்லாம் அடங்கிவிடும்.

பூசணம் பிடித்த கேசட்டை நேராக டெக்கில் போடக் கூடாது. கடைக்காரர் சொன்னதில் அது மட்டும் உண்மை, ஒலிமுனையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதற்காகத் தூக்கி எறியத் தேவையே இல்லை. நன்றாக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு ஒரு வாரத்துக்கு மேல் காய வையுங்கள். அப்புறம் வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு திறக்க வேண்டும். முதல் கேசட்டுகளை நான் கவசம் இல்லாமல் அறைக்குள் வைத்துத் துடைத்தேன், பத்து நாள் இருமல். நாடாவைப் பேனாவால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே மென்மையான துணியால் பொடியைத் தொட்டெடுக்கலாம். கேசட்டின் வெளி ஓடு திருகாணி போட்டதாக இருந்தால் வேலை சுலபம். ஐந்து திருகாணியைக் கழற்றி, இரண்டு சுருளையும் தூக்கி, நல்ல நிலையில் இருக்கும் வேறொரு மலிவுக் கேசட்டின் ஓட்டுக்குள் வைத்துவிடலாம். பாட்டி தாலாட்டு அப்படித்தான் பிழைத்தது. அதில் நாடாவை ஒலிமுனையோடு அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு கழன்று உள்ளே விழுந்திருந்தது, அதனால்தான் சத்தமே வரவில்லை. பலர் இதைப் பார்த்துவிட்டுக் கேசட் அழிந்துவிட்டது என்று எறிந்துவிடுகிறார்கள். நாடா அறுந்திருந்தால் சாதாரண செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். நாடா ஒட்டுவதற்கென்றே தனி டேப் விற்கிறது.

பதியும்போது அவசரம் கூடாது. 90 நிமிடக் கேசட் என்றால் 90 நிமிடமும் ஆகத்தான் செய்யும், குறுக்கு வழி இல்லை. முதலில் ஒரு தடவை கடைசி வரை ஓட்டி, திருப்பிச் சுற்றிவிட்டு அப்புறம் பதிந்தால் நாடா ஒரே சீராகப் போகும். ஒலி அளவு உச்சத்தைத் தொடாமல் கொஞ்சம் கீழே இருக்கட்டும், உறுமி மாதிரி திடீரென்று எகிறுகிற சத்தம் தட்டிவிட்டால் பிறகு சரி செய்ய முடியாது. வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும், ஒரு கேசட் கிட்டத்தட்ட 1 ஜிபி. இன்றைக்கு வட்டு விலைக்கு அது பெரிய இடம் இல்லை. இரைச்சலோடு இருக்கும் அந்த மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, கேட்பதற்கு வேறு பிரதி எடுத்து அதில் என்ன திருத்தம் வேண்டுமானாலும் செய்யுங்கள். சில கேசட்டுக்குப் பிறகு ஒலிமுனையையும் நாடாவை இழுக்கும் உருளையையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும். பஞ்சு பழுப்பாக வரும். அது பழுப்பாக வராத வரை துடையுங்கள்.

ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து செய்ததால் எனக்குக் கிடைத்தது ஒன்று உண்டு. அப்பாவின் ஒரு கேசட்டில் ஒரு பக்கம் முழுக்க அல்லிகேட்ஸ், அதற்கு நடுவில் ஒரே ஒரு காருக்குறிச்சி, மறுபடி அல்லிகேட்ஸ். ஏன் இப்படி என்று சின்ன வயதில் யோசித்ததே இல்லை. வரிசையாகக் கேட்டால் இரண்டுக்கும் நடுவே சுருதி அவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது. லோரி ஓட்டியவர், சங்கீதம் படித்தவர் அல்ல. காதால் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். பாட்டுப் பாட்டாக வெட்டிக் கொடுத்த கடைக் கோப்புகளில் இது தெரியவே தெரியாது. அதனால்தான் வெட்டாதீர்கள் என்று இத்தனை தடவை சொல்கிறேன்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கேசட் எண், பக்கம், தெரிந்தால் வருடம், யார் பதிந்தது என்று எழுதுங்கள். அட்டையின் படத்தையும் அதே இடத்தில் போடுங்கள், கையெழுத்தும் சேர்ந்து இருக்கும். ஒரு வட்டு வீட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில், இன்னொன்று இணையச் சேமிப்பில். என்னுடையது ஒன்று கூலிமில் தங்கை வீட்டில் இருக்கிறது. தாலாட்டையும் இசைக்குழு ஒத்திகையையும் தோட்டத்துக்காரர்கள் குழுவில் அனுப்பினேன், ஒத்திகையில் கிதார் வாசித்தவரின் மகள் அதைக் கேட்டுவிட்டுப் போன் செய்தாள். சினிமாப் பாட்டு இருக்கும் பதிவைப் பொதுவில் ஏற்ற வேண்டாம், உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள், காணொளித் தளங்களும் முடக்கிவிடும். மாற்றியாயிற்று என்று கேசட்டை எறிந்துவிடாதீர்கள். முழுவதும் ஒரு பக்கமாகச் சுற்றி, டப்பாவில் நிமிர்த்தி, தரையையும் சுவரையும் ஒட்டாமல், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் மாற்றிப் போடுங்கள்.

எங்கள் டவுன் பெரியவருக்கு இப்போது கண் சரியில்லை, டெக் வேலைகளைக் குறைத்துக்கொண்டு வருகிறார். உங்கள் ஊரிலும் இந்த வேலை தெரிந்த ஒருவர் எங்காவது இருப்பார், அவருக்கும் வயதாகியிருக்கும். ஆகவே கேசட்டை அப்புறம் பார்க்கலாம் என்றாலும் டெக்கை இந்த மாதமே கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். பெல்ட் மாற்றும்போது அதே அளவில் இன்னொரு செட் சேர்த்து வாங்கி, அளவை ஒரு தாளில் எழுதி டெக்கின் அடியில் ஒட்டி வையுங்கள்.